ரஜ்ஜு தட்டினால் அடுத்த மாப்பிள்ளை

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு எங்கள் திருமணத் தகவல் மையத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆடியில் யாரும் பெண் பார்க்கப் போக மாட்டார்கள். வரன் கேட்டு ஃபோன்கூட வராது. முதலாளி நாச்சிமுத்து அண்ணன் கண் ஆபரேஷனுக்கு இந்த மாதத்தைத்தான் குறித்து வைத்திருந்தார். "ஆடியில தொழிலும் தெரியாது, கண்ணும் தெரியாது, சரியாப் போச்சு அம்மிணி" என்று சிரித்தார். கடைச் சாவியையும், உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியையும் என் கையில் கொடுத்துவிட்டுக் கோயமுத்தூர் போய்விட்டார்.

டைரியில் எழுத என்ன இருக்கிறது? என் பெயர் கோகிலவாணி. ஈரோடு, சூரம்பட்டி. பல வருடமாக வருகிற ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. வீட்டில் மாமனார், மாமியார், நான். போதும்.

ஜூலை 19, சனி

தாரணி வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். முப்பத்தொன்று ஆகிவிட்டது. ஆவணிக்குள் ஒரு முடிவு தெரியவில்லையென்றால், தாய்மாமன் கொண்டுவந்த இரண்டாம்தாரத்துக்குச் சரி சொல்லிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு நாற்பத்தாறு.

நான் எடுத்துக்கொடுத்த தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இதே அஞ்சு பேரத்தான் போன வருசமும் குடுத்தீங்க. இதுல ரெண்டு பேருக்குக் கொழந்தையே பொறந்திருச்சுங்க்கா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஒரு வருடத்தில் எத்தனை புது ஜாதகங்களை ஏற்றியிருக்கிறேன்! அவர்களெல்லாம் எங்கே போனார்கள்? அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். ஜாதகம் தேடுகிற புரோகிராமை எழுதிய அவர் அக்கா மகன் கனடாவில் செட்டிலாகி, இப்போது தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் போடுவதில்லையாம். வெளி ஆளைக் கூப்பிட்டால் அவன் கேட்கிற காசுக்கு நாமே ஒரு கல்யாணம் பண்ணிவிடலாம் என்றார். "நீதான் பாரேன் அம்மிணி, சும்மாதான இருக்கற" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

எங்கள் புரோகிராமை எழுதியிருக்கும் பெர்ல் என்பது கம்ப்யூட்டர் பாஷை ஒன்றின் பெயராம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்று போட்டிருந்த ஒரு பாடத்தை நெட்டில் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்தேன். மதியம் வரை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாப்பிட்ட பிறகுதான் ஒன்று பிடிபட்டது.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதே லூப்தான். ஃபைலில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக எடு, வயதைப் பார், படிப்பைப் பார், பொருத்தத்தைப் பார், அப்புறம் அடுத்தவரை எடு. பெண்ணைப் பெற்றவர்கள் இதைத்தானே செருப்புத் தேயத் தேயச் செய்கிறார்கள்.

லூப்புக்கு நடுவில் சொல்ல இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. நெக்ஸ்ட் என்றால், இந்த ஆள் ஒத்துவர மாட்டார், இவரிடம் மிச்சத்தையெல்லாம் பார்க்க வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடு. லாஸ்ட் என்றால், போதும், கடையைச் சாத்து, இனி யாரையும் பார்க்காதே. இதைப் படிக்கவே ஒரு நாள் ஆகிவிட்டது. ராத்திரிக்கு உப்புமா கிண்டினேன். மாமா முறைத்தார்.

ஜூலை 24, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! அந்தக் கனடாக்காரன், நட்சத்திரம் காலியாக இருந்தால் லாஸ்ட் என்று எழுதி வைத்திருக்கிறான். ஃபைலின் கடைசியில் ஒரு காலிப் பதிவு வைத்து, அதோடு முடிந்தது என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். போன ஐப்பசியில் கோபிக்காரர் ஒருவர், பிறந்த நேரம் தெரியாது, அப்புறம் சொல்கிறேன் என்றார். நான் நட்சத்திரத்தைக் காலியாக விட்டுவிட்டு அவரை ஏற்றினேன். அவர் இன்னும் சொல்லவில்லை. அவருக்குக் கீழே ஏற்றிய ஒருத்தரையும் இந்த இயந்திரம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கோபிக்காரர் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டிருந்திருக்கிறார், அவரைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை.

லாஸ்டை எடுத்துவிட்டு நெக்ஸ்ட் போட்டேன். நட்சத்திரம் இல்லையா, அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போ. ஃபைல் தீர்ந்தால் லூப் தானாகவே நின்றுகொள்ளும். மாற்றியது ஒரே வார்த்தை. தாரணியின் பெயரைக் கொடுத்ததும் புது மாப்பிள்ளைகள் கடகடவென்று வந்தார்கள். தனியாக உட்கார்ந்துகொண்டு கை தட்டினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 28, திங்கள்

கொஞ்சம் தெரிந்ததும் திமிர் வந்துவிடுகிறது. நானே புதிதாக ஒரு லூப் எழுதினேன். ஒன்றாம் நம்பர் மாப்பிள்ளையிலிருந்து ஆரம்பி, வயது ஒத்துவரவில்லையென்றால் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு நெக்ஸ்ட், கடைசி வரியில் நம்பரை ஒன்று கூட்டு. ஓட விட்டேன். 'காங்கேயம் பையன் வேண்டாம், காங்கேயம் பையன் வேண்டாம்' என்று திரை முழுக்க ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது.

நெக்ஸ்ட் சொன்னதும் அது கீழே இருக்கிற வரிகளைத் தொடாமல் மேலே ஓடிவிடுகிறது. நம்பரைக் கூட்டும் வரி கீழே அல்லவா இருக்கிறது? நம்பர் ஏறாததால் மறுபடி அதே காங்கேயத்துக்காரர். கன்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தித்தான் நிறுத்தினேன். ஒரு மனுஷனை இத்தனை முறை யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம், நல்ல பையன், சொந்தத் தோட்டம் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அத்தை விடிகாலையிலேயே தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்ற ஆற்றுக்குப் போனார். தெருவே போனது. எனக்குத் துவைக்கிற துணி நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் ஃபோன். ஆவணிக்குள் அவர் கண் பஞ்சாங்கம் படிக்கிற அளவுக்குத் தேறாதாம். இதுவரை கம்ப்யூட்டர் எத்தனை பொருத்தம் என்று எண்ணிக்கை மட்டும் கொடுக்கும். ரஜ்ஜுப் பொருத்தத்தை அவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் 'பொருத்தம் பார்க்கப்பட்டது' என்று சீல் குத்துவார். அந்த சீலை நம்பி நிறைய குடும்பங்கள் வேறு ஜோசியரிடம் போவதில்லை. "ரஜ்ஜுவையும் மிசினே பாக்கற மாதிரி பண்ணிரு அம்மிணி. பண்ணிட்டு நீயே சீல் குத்தீரு" என்றார்.

பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே ரஜ்ஜுவாக இருந்தால் தட்டும் என்பார்கள். அது தட்டினால் மற்ற ஒன்பதும் இருந்தும் பிரயோஜனமில்லை என்று அண்ணன் அந்தத் தாளைத் தள்ளிவிடுவார். அதனால் லூப்புக்குள் ஒரு லூப் எழுதினேன். வெளியே மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக, உள்ளே ஒவ்வொருவருக்கும் பத்துப் பொருத்தம். பொருத்தம் இருந்தால் ஒன்று கூட்டு. ஆறுக்கு மேல் வந்தால் தாளில் அச்சடி. ரஜ்ஜு தட்டினால் நெக்ஸ்ட்.

தெரிந்த கணக்கைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் சொல்கிறார்கள். எனக்கு விடை தெரிந்தது ஒன்றுதான். பெண் அஸ்தம், பையன் உத்திராடம். ஒன்பது என்று வந்தது. சரியாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தாரணிக்குப் புதுத் தாள் கொடுத்தேன், என் கையால் சீல் குத்தி. அதில் பெருந்துறை சபரிநாதன் என்று ஒருவர். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கோபிக்காரருக்குக் கீழே இத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்தவர். ஃபோட்டோவைப் பார்த்துவிட்டுத் தாரணி, "சிரிக்கத் தெரிஞ்சவரு மாதிரி இருக்கறாருங்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று பெண் பார்த்தார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. செப்டம்பர் நான்கு நிச்சயதார்த்தம். தாரணி அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நிச்சயத்துக்கு நீங்க வந்தே ஆகணும்" என்றாள். அன்றைக்குக் கடையில் வேலை இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று ராத்திரி வேலைகளை முடித்துவிட்டு அத்தையிடம் பேச்சுவாக்கில் நட்சத்திரம் கேட்டேன்.

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கத்தானுங்கத்தெ. உங்குளுக்கும் மாமாவுக்கும் எத்தன பொருத்தம்னு."

"நானு அவிட்டம், அவரு சித்திர. போடு போடு, ரஜ்ஜு தட்டும். எங்கய்யன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, வேண்டாஞ்சாமின்னு. உங்க மாமன் கேக்கல. தாலி அறுத்துருவேன்னு ஊரே சொல்லுச்சு. பாரு, உக்காந்து டீவி பாக்கறாரு."

"சக்கர பத்தல!" என்று மாமா உள்ளேயிருந்து காபி டம்ளரை நீட்டினார்.

இன்று காலையில் கடையில் விளையாட்டாக இருவரையும் போட்டேன். தாத்தா ஆகிற வயதில் மாப்பிள்ளைப் பட்டியலில் மாமாவின் பெயர் வந்தது. சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ரஜ்ஜு தட்டுகிற ஆள் பட்டியலில் எப்படி வரலாம்?

உடனே தாரணியையும் சபரிநாதனையும் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அவள் மிருகசீரிடம், அவர் சித்திரை. இருவருக்கும் சிரசு ரஜ்ஜு. அத்தை, மாமாவுடையதும் அதேதான். சிரசில் தட்டினால் புருஷன் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மின்சாரக் கட்டணம் கட்டினேன். மாமாவுக்கு மாத்திரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வெந்தும் வேகாமலும் இருந்தது. அத்தை அதையே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. லூப்புக்குள் லூப் இருக்கும்போது, உள்ளே நின்று வெறுமனே நெக்ஸ்ட் சொன்னால் அது உள் லூப்புக்கு மட்டும்தான் கேட்கும். நான் அடுத்த மாப்பிள்ளை என்று நினைத்துச் சொன்னேன். அது அடுத்த பொருத்தம் என்று எடுத்துக்கொண்டது. ரஜ்ஜுவை மட்டும் விட்டுவிட்டு அதே ஆளுக்கு மிச்சத்தை எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. வெளி லூப்புக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சேர்த்து நெக்ஸ்ட் சொல்ல வேண்டுமாம். 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். ரஜ்ஜு தட்டினால் நெக்ஸ்ட் மாப்பிள்ளை. இப்போது மாமா பட்டியலில் வரவில்லை. சபரிநாதனும் வரவில்லை.

நான் கொடுத்த மற்ற தாள்களையெல்லாம் மறுபடி ஓட்டினேன். வேறு யாரும் இன்னும் பெண் பார்க்கப் போகவில்லை, ஃபோனில் சொல்லித் திருத்திவிட்டேன். மாட்டிக்கொண்டது தாரணி ஒருத்திதான். இந்த நிச்சயம் நின்றால் அவளை அந்த நாற்பத்தாறு வயதுக்காரருக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு அந்தப் பையனுக்குத் தலைவலி வந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. அடிப் பாவி, ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா!

கோயமுத்தூரிலிருந்து திரும்பிவிட்ட அண்ணனைப் பார்க்கச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு ஊஞ்சலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாக்காம சீல் குத்துன்னு சொன்னவன் நாந்தான அம்மிணி. பாதி தப்பு என்ற மேல. ஆனா சொல்லித்தான் ஆவணும். இத்தன வருசம் அந்த சீல நம்பித்தான ஊரு வந்துச்சு."

"தாரணிகிட்ட மொதல்ல நான் சொல்லிக்கறனுங்ணா."

"செரி. திங்கக்கெழம பையன் வீட்டுக்காரங்கள வரச் சொல்லு. நானும் வர்றேன்."

ஆகஸ்ட் 30, சனி

தாரணியைக் கடைக்கு வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று துண்டுகூட எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்குளுக்கு எத்தன பொருத்தம்ங்க்கா?"

ஒன்பது என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு, "அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று போனாள். மத்தியானம் சாப்பாட்டைத் திறக்கவே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் சபரிநாதன் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார், கையெல்லாம் வார்னிஷ் வாசனையோடு. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"ஏனுங்க, தட்டுனா சாகறது ஆருங்க?"

"மாப்பிள்ளைங்க."

"அப்ப என்னையத்தானுங்க கேக்கோணும்? எனக்குச் சம்மதம். தாரணியத்தான் கட்டுவேன். ஆனா எங்கம்மாவுக்குத் தெரியாமப் பண்ண மாட்டேன். நாளைக்கு நீங்களே சொல்லிருங்க. அவிய பயந்துட்டா என்ன பண்றதுன்னுதான் தெரியல."

திண்டாடிப் போய் நிற்கிற அந்தப் பையனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் அத்தை என்ன ஏது என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் கிளம்பும்போது பார்த்தால், அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எங்கீங்கத்தெ?"

"உன்ற ஆபீசு எப்புடி இருக்குதுன்னு ஒருநாள் பாக்கக் கூடாதா?"

பத்து மணிக்குச் சபரிநாதனின் அம்மா சம்பூரணம் வந்தார். கூடவே பையன். தாரணி முன்னாலேயே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. சீல் தப்பாக விழுந்துவிட்டது, சிரசு ரஜ்ஜு தட்டுகிறது, இதற்கு மேல் உங்கள் முடிவு என்று கும்பிட்டுவிட்டார். தப்பு என்னுடையது என்று நானும் சொன்னேன்.

அந்த அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கிருக்கறது ஒரு பையனுங்க" என்றார். "இந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணும் கொறையில்ல. தங்கமாட்ட இருக்குது. ஆனா தெரிஞ்சே எப்புடிங்க?"

தாரணி எழுந்துவிட்டாள். அப்போதுதான் அத்தை பேசினார்.

"நானு இவளோட மாமியாரு. எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் இதே சிரசு ரஜ்ஜுதான். அவருக்கு எழுவத்தாறு. காத்தால சக்கர பத்தலேன்னு டம்ளரத் தூக்கி எறிஞ்சாரு."

சம்பூரணம் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

"எனக்கும் ஒத்தப் பையன்தானுங்க இருந்தான், செந்திலு. நமக்குத் தட்டுன மாதிரி இவனுக்குத் தட்டக் கூடாதுன்னு நாலு ஜோசியருகிட்ட பாத்து, ஒம்பது பொருத்தம் இருக்கற புள்ளையாத் தேடிக் கட்டி வெச்சேன். ரெண்டே வருசம். பைக்குல பால் வாங்கப் போனவன் வரல." அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்த ரெண்டு வருசமும் என்ற பையன் சிரிச்ச மொகமா இருந்தானுங்க. அது பொருத்தத்துனால இல்ல. இந்தா நிக்கறாளே, இவளாலதான். உங்க பையனும் சிரிச்சிட்டிருக்கறான். நானு சொல்றதுக்கு அவ்வளவுதான் இருக்குது."

பெயரைச் சொல்லி அவரைப் பற்றி அத்தை பேசி நான் கேட்டதே இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சம்பூரணம் எழுந்துபோய்த் தாரணியின் கையைப் பிடித்து, "வியாழக்கெழம நேரத்துலயே தயாரா இரு கண்ணு" என்றார். அந்தப் பையன் கடைக்குள்ளேயே ஓவென்று அழுதுவிட்டான். தாரணி அவனைப் பார்த்து, "அய்யே, எந்திரிங்க" என்று சிரித்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அத்தையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம்.

"ஏனுங்கத்தெ, இத்தன வருசத்துல என்கிட்ட ஒருநாளும் இதச் சொன்னதில்லியே?"

"என்னன்னு சொல்றது? இந்தப் புள்ளதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு உன்னையக் கூட்டியாந்தது நானு. உங்கப்பனுக்குக்கூட அத்தன இஷ்டமில்ல. என்ற பொழப்பக் கெடுத்தது இந்தக் கெழவிதான்னு நீ உள்ளுக்குள்ள நெனச்சிட்டிருப்பேன்னு, அவம் பேரெடுக்கவே எனக்குப் பயம்."

"நானா? நான் ராசியில்லாதவ, நான் வந்துதான் உங்க பையன் போனாருன்னு நீங்க நெனச்சிட்டிருக்கறீங்கன்னு, நானு..."

அத்தை என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பட்டுப் புடவை நனைகிறது என்றுகூடப் பார்க்காமல் நன்றாக அழுதேன். அவரும் அழுதார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

"செந்திலுக்கு உன்ற கையில ரசம்னா உசுரு" என்றார் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டே. ராத்திரிக்கு ரசம் வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு, அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.